மண்ணுக்குள் மறையும் குடிநீர்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், நம் நடுத்தர நகரங்களில் பேச்செல்லாம் தண்ணீரைப் பற்றியதாகிவிடுகிறது. அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது, ஆற்றிலுள்ள உறைகிணறு வற்றிவிட்டதா, புதிய கூட்டுக் குடிநீர்த் திட்டம் எப்போது நிறைவேறும் என்பனவே வீட்டுக்கு வீடு எழும் வினாக்கள். நகராட்சித் தேர்தல் வந்துவிட்டாலோ, இன்னோர் ஆற்றிலிருந்து இன்னொரு குழாய் என்ற வாக்குறுதி எல்லாக் கட்சியினரின் வாயிலும் ஒலிக்கும். ஏற்கெனவே ஊருக்குள் வந்து சேரும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பவர் மட்டும் அரிது.

இவ்வினாவை எழுப்பினால் கிடைக்கும் விடை வியப்புக்குரியது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும் நீரில் ஒரு பெரும்பகுதி எந்த இல்லத்தின் குடத்தையும் நிரப்பாமலும், எந்தப் பற்றுச்சீட்டிலும் இடம் பெறாமலும் மறைந்துவிடுகிறது. பொறியியலாளர் இதனை 'வருவாய் தராத நீர்' என அழைப்பர். இது இருவகைப்படும். பழுதடைந்த குழாய்களிலும் தளர்ந்த இணைப்புகளிலும் கசிந்து மண்ணுக்குள் மெய்யாகவே இறங்கிவிடுவது ஒன்று. யாரோ ஒருவர் பயன்படுத்தியும் கணக்கில் ஏறாமல் போவது மற்றொன்று. திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், பதிவேட்டில் இல்லாத வீடு, அலுவலரைச் சரிக்கட்டிய வணிகர் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். இந்த இழப்பு 100க்கு 20 என்ற அளவைத் தாண்டலாகாது என்று இந்திய அரசு 2008ஆம் ஆண்டில் வகுத்த சேவைத் தர அளவுகோல்களில் குறித்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் இரண்டாம் கட்டத் திட்டமும் இதே இலக்கையே முன்வைத்துள்ளது. இலக்கு எட்டாத நகரங்கள் பல.

இந்நோய் புதிதன்று. கி.பி. 97ஆம் ஆண்டில் உரோமை நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்ற பிரொந்தீனுஸ் என்பவர், நகருக்கு வரும் கால்வாய்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். ஊற்றுக்கண்ணில் அளந்த நீருக்கும் ஏட்டில் எழுதியிருந்த நீருக்கும் பொருத்தமே இல்லை. தெருக்களின் தளத்துக்கு அடியில் ஈயக் குழாய்களைத் துளையிட்டுக் கள்ள இணைப்பு கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்ததை அவர் கண்டுபிடித்து எழுதிவைத்தார். அக்கள்ளக் குழாய்களைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயமே கணிசமான அளவில் இருந்ததாம்! பத்தொன்பது நூற்றாண்டுகள் கடந்தும், அவர் செய்த அந்த முதற்செயலையே, அதாவது அளந்து பார்ப்பதையே, நம் நகரங்களில் பல இன்னும் செய்து முடிக்கவில்லை.

இழப்பின் பரிமாணத்தை உணர ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் இலட்சம் மக்கள் வாழும் நகரம் ஒன்றை மனத்தில் கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்ட அளவு. ஆக, மக்களுக்குச் சென்று சேர வேண்டியது 1 கோடியே 35 இலட்சம் லிட்டர். வழியில் 100க்கு 40 பங்கு தொலைந்துபோகிறதென்றால், இந்த அளவைக் கொடுக்க 2 கோடியே 25 இலட்சம் லிட்டர் இறைத்து அனுப்ப வேண்டும். இழப்பை 20 பங்காகக் குறைத்துவிட்டால் 1 கோடியே 69 இலட்சம் லிட்டரே போதும். மீதமாகும் 56 இலட்சம் லிட்டரைக் கொண்டு, அதே 20 பங்கு இழப்பையும் கழித்த பிறகு, மேலும் 33 ஆயிரம் பேருக்குத் தண்ணீர் வழங்கலாம். புதிய அணை வேண்டாம்; புதிய ஆறும் வேண்டாம். மின்சாரச் செலவு வேறு இருக்கிறது. தொலைந்துபோகும் அந்த 90 இலட்சம் லிட்டரை 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாகக் கொண்டால், பம்புகளின் திறனிழப்பையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 ஆயிரம் யூனிட் செலவாகும். மண்ணுக்குள் விடுவதற்காக மலை ஏற்றுகிறோம்!

கசிவு என்றவுடன் சாலை நடுவே பீறிட்டு எழும் நீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அத்தகைய உடைப்பைக் கண்டவர் சும்மா இருப்பதில்லை. நகராட்சிக்குச் செய்தி போகிறது. ஒன்றிரண்டு நாளில் பள்ளம் தோண்டி அடைத்துவிடுகிறார்கள். உண்மையில் பெருங்கேடு விளைவிப்பவை கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவுகளே. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை, அதாவது ஒரு கடலைப் பருப்பை ஒத்த துளை, குழாயில் 10 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தம் நிலைத்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 ஆயிரம் லிட்டரை வெளியேற்றிவிடும். ஓராண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தால் 70 இலட்சம் லிட்டருக்கு மேல்! இத்தகைய துளைகள் பெரும்பாலும் தெருக் குழாயின் நடுவில் தோன்றுவதில்லை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குக் கிளை பிரியும் இடத்திலும், அக்கிளைக் குழாயிலுமே மிகுதியாகக் காணப்படுகின்றன. மலிவான பொருளைப் போட்டு, அரைகுறையாக முடுக்கி, அவசரமாக மண்ணைத் தள்ளி மூடிய வேலைகள் அவை. வீட்டு இணைப்புக்காகப் பணம் கட்டிய நாம், அந்த இணைப்பு மூடப்படும்போது அருகில் நின்று பார்த்ததுண்டா?

இங்கே நம் நாட்டு நகரங்களில் உள்ள ஒரு வழக்கத்தைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். நாள்விட்டு ஒரு நாள், வாரத்துக்கு இருமுறை, அதுவும் ஓரிரு மணி நேரம் எனத் தண்ணீரை முறைவைத்து விடுகிறோம். பற்றாக்குறைக்கு இதுவே சிக்கன வழி என்று பலர் எண்ணுகின்றனர். விளைவோ நேர்மாறானது. நீர் நிறுத்தப்பட்டதும் குழாய் வெறுமையாகிறது. உள்ளே அழுத்தம் அற்றுப்போகிறது. குழாயின் அருகே சாக்கடை ஓடினால், எந்தத் துளையின் வழியாக நல்ல நீர் வெளியேறிற்றோ அதே துளையின் வழியாக அழுக்கு நீர் உள்ளே புகுகிறது. மறுநாள் வால்வைத் திறந்தவுடன் காற்றும் நீரும் மோதிக்கொண்டு பாய்வதால் இணைப்புகள் அதிர்ந்து தளர்கின்றன. காற்று வேகமாக ஓடுவதனால் மீட்டர் பொய்யாகச் சுழல்கிறது. இல்லத்தார் அதனை நம்ப மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. வசதி படைத்தோர் தெருக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்கின்றனர். மேட்டுத் தெருவிலும் கடைக்கோடியிலும் வாழும் ஏழை வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. தண்ணீர் மீண்டும் எப்போது வருமோ என்ற அச்சத்தால் அண்டா, குடம், தொட்டி யாவற்றையும் நிரப்பி வைக்கிறோம். புது நீர் வந்ததும் பழைய நீரை முற்றத்தில் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்புகிறோம். சிக்கனம் எங்கே இருக்கிறது?

இதற்கு மாற்று உண்டா என்பதை அறிய அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில் நடந்த சோதனை ஒன்று உதவுகிறது. உலக வங்கியின் கடனுதவியோடு ஹூப்ளி-தார்வாட், பெல்காம், குல்பர்கா ஆகிய நகரங்களில், மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் வாழும் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பழைய குழாய்களை அப்படியே கைவிட்டுப் புதியனவற்றைப் பதித்து, வீடுதோறும் மீட்டர் பொருத்தி, 2008ஆம் ஆண்டளவில் இருபத்துநான்கு மணி நேரமும் நீர் வழங்கலாயினர். சில நாட்களுக்கு ஒருமுறை மட்டுமே குழாயில் நீரைக் கண்டிருந்த மக்கள் இரவிலும் பகலிலும் குழாயைத் திருகி நீர் பிடித்தனர். 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஹூப்ளி-தார்வாடில் ஆய்வாளர்கள் குழாய் நீரைச் சோதித்தபோது, முறைவைத்து நீர் விடும் பகுதிகளில் எடுத்த மாதிரிகளில் 100க்கு 30க்கு மேற்பட்டவற்றில் மலக்கழிவைச் சுட்டும் கிருமிகள் இருந்தன. இடைவிடாது நீர் ஓடிய பகுதிகளிலோ 100க்கு ஒன்றுக்கும் குறைவு. டைபாய்டு கண்ட வீடுகளும் அங்கே குறைவாயிருந்தன. சிறு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பொதுவாகக் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது நீர் ஒன்றினால் மட்டும் வரும் நோயன்று.

இச்சோதனையில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. அந்தப் பத்தில் ஒரு பங்கினருக்கு வாய்த்த நன்மை எஞ்சிய ஒன்பது பங்கினருக்குச் சென்று சேரப் பத்தாண்டுக்கு மேலாகியும் வழி பிறக்கவில்லை. நகரம் முழுவதற்கும் விரிவாக்கும் ஒப்பந்தமே 2020ஆம் ஆண்டில்தான் கையெழுத்தாயிற்று. ஒரே ஊரில் ஒரு தெருவுக்கு எப்போதும் நீர், மறு தெருவுக்கு வாரம் ஒருமுறை என்பது எத்தனை ஆண்டுகள் நீடிக்கத் தகும்?

முழு நகரமும் ஒருசேர எழுந்த வரலாற்றைக் காணக் கம்போடியா நாட்டுக்குச் செல்ல வேண்டும். அதன் தலைநகராகிய நோம்பென் 1998ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூடப் பத்து இலட்சம் மக்களை எட்டாத நகரம். 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படையினர் நகர மக்கள் அனைவரையும் வயல்வெளிகளுக்கு விரட்டியடித்தனர். 1979இல் அவ்வாட்சி வீழ்ந்த பின் மக்கள் திரும்பி வந்தபோது குழாய்கள் துருவேறிக் கிடந்தன, வரைபடங்கள் இல்லை, தொழில் தெரிந்தோரில் பலர் உயிரோடு இல்லை. 1993ஆம் ஆண்டில் அந்நகரின் நீர் நிறுவனம் உற்பத்தி செய்த நீரில் 100க்கு 72 பங்கு கணக்கில் வராமல் போயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரமே நீர் வந்தது. அதுவும் நகரின் கால்பங்கு மக்களுக்கே. அனுப்பிய பற்றுச்சீட்டுத் தொகையில் பாதிகூட வசூலாகவில்லை. குழாய் எட்டாத ஏழைகள் வண்டிக்காரரிடம் பன்மடங்கு விலை கொடுத்து நீர் வாங்கினர்.

அவ்வாண்டு அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் எக் சொன் சான் என்னும் பொறியாளர்; கெமர் ரூஜ் காலத்தில் தம் குடும்பத்தாரை இழந்தவர். வெளிநாட்டு உதவி வந்தது உண்மை. ஜப்பானும் பிரான்சும் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் பொருள் கொடுத்தன. எனினும் அவர் தொடங்கிய இடம் பதிவேடு. ஊழியர்களை வீடு வீடாக அனுப்பி, யாருக்கு நீர் போகிறது என்று எழுதி வரச் செய்தார். பதிவேட்டிலிருந்த பல வீடுகள் ஊரில் இல்லை. நீர் பெற்ற பல வீடுகள் பதிவேட்டில் இல்லை. அடுத்து மீட்டர். எல்லா இணைப்புகளுக்கும் படிப்படியாக மீட்டர் பொருத்தப்பட்டது. கள்ள இணைப்பைக் காட்டிக்கொடுப்போருக்குப் பரிசு, வைத்திருப்போருக்குத் தண்டம், உடந்தையான ஊழியருக்குப் பணிநீக்கம் என்று விதித்தார். திறமையான இளைஞர்களை மேலே கொண்டு வந்தார். நன்கு உழைத்தோருக்கு ஊதியத்தை உயர்த்தினார்.

கட்டணம் செலுத்தாதவர்களில் முதல்வரிசையில் நின்றோர் ஏழைகள் அல்லர். படைத்தலைவர்களும் செல்வந்தரும் அரசு அலுவலகங்களுமே. ஒரு படைத்தலைவரின் வீட்டில் மீட்டர் பொருத்தச் சென்றபோது அவர் தம் நெற்றியில் துப்பாக்கியை வைத்ததை எக் சொன் சானே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். அவர் அன்று திரும்பிவிட்டார். பின்னர் ஆயுதம் தாங்கிய காவலரோடு வந்து அவ்வீட்டின் இணைப்பைத் துண்டித்தார். இச்செய்தி பரவிய பிறகு நகரில் கட்டணம் தானாக வந்து சேரலாயிற்று என்பர். கட்டண உயர்வைப் பற்றியும் ஒரு சொல். 1997இலும் 2001இலும் கட்டணத்தைத் திருத்தினார்கள். ஆனால் முதலில் சேவையைச் சீர்செய்து காட்டிவிட்டே உயர்த்தினார்கள். மிக வறிய குடும்பங்களுக்கு இணைப்புக் கட்டணத்தில் அவர்களின் நிலைக்கேற்பப் பகுதியோ முழுவதுமோ தள்ளுபடி செய்யப்பட்டது. வண்டிக்காரரிடம் வாங்கியதைவிட மிகக் குறைந்த செலவில் அவர்கள் நல்ல நீர் பெற்றனர். இழப்பு 72 பங்கிலிருந்து 2010ஆம் ஆண்டையொட்டி 6 பங்கு அளவுக்கு வீழ்ந்தது. செல்வ நாடுகளின் பெருநகரங்கள் சிலவற்றாலும் எட்ட இயலாத அளவு இது! நகரில் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல் நாள் முழுவதும் நீர் கிடைத்தது. 2006இல் எக் சொன் சானுக்கு மகசேசே விருதும், 2010இல் நிறுவனத்துக்கு ஸ்டாக்ஹோம் தொழில்துறை நீர் விருதும் வழங்கப்பட்டன.

அங்கே கையாளப்பட்ட கசிவு வேட்டை முறை எந்தச் சிறு நகரத்துக்கும் பொருந்துவதே. நகரத்தின் குழாய் வலையைச் சிறு சிறு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீர் நுழையும் வாயிலில் ஒரு பெரிய மீட்டரை வைக்கிறார்கள். நள்ளிரவு கடந்து இரண்டு மணி முதல் நான்கு மணி வரை ஊர் உறங்குகிறது. குளிப்பாரும் துவைப்பாரும் இல்லை. அவ்வேளையிலும் அந்த மீட்டர் விடாமல் ஓடுமானால், ஓடும் நீரில் பெரும்பகுதி கசிவே என்பது உறுதியாகிறது. எந்த மண்டலத்தில் இரவு ஓட்டம் மிகுதியோ அங்கே ஆட்கள் செல்கின்றனர். இரும்புக் கோலின் ஒரு முனையைக் குழாயின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டி, மண்ணுக்குள் நீர் சீறும் ஒலியைக் கேட்டு இடத்தைக் குறிக்கின்றனர். மருத்துவர் மார்பில் குழல் வைத்துக் கேட்பது போன்றதே இது. இன்று மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆயினும் பழகிய காதுக்கு இன்னும் மதிப்புண்டு. அழுத்தம் தேவைக்கு மிஞ்சிய பகுதிகளில் அதைச் சற்றுத் தணித்துவிட்டாலே கசிவு கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஒரு பள்ளமும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் முறைவைத்து நீர் விடும் ஊரில் இரவு அளவைக்கு இடமேது? குழாய் வெறுமையாக இருக்கும்போது சீறுவதற்கு என்ன இருக்கிறது? கசிவைக் கண்டுபிடிக்கவே இடைவிடாத ஓட்டம் வேண்டும் என்பது பலரும் அறியாத செய்தி.

நம் நாட்டிலேயே ஒரு சிறு நகரம் இவ்வழியில் முன்னேறியிருக்கிறது. ஒடிசா மாநிலத்தின் பூரி ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் வாழும் கோயில் நகரம். ஆண்டுதோறும் திரளும் யாத்திரிகர் கூட்டமோ அதனினும் பன்மடங்கு. 2021 ஜூலை 26 அன்று அங்கே, கொதிக்க வைக்காமலும் வடிகட்டாமலும் குழாயிலிருந்தே குடிக்கத்தக்க நீரை நாள் முழுவதும் வழங்கும் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. இத்திட்டத்தில் நம் கருத்தைக் கவர்வது குழாயும் கருவியும் மட்டுமல்ல. மகளிர் சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் 'ஜலசாதி', அதாவது நீர்த்தோழியர், என்ற பெயரோடு பணியாற்றுகின்றனர். மீட்டரைப் பார்த்துக் குறிப்பது, பற்றுச்சீட்டு வழங்குவது, கட்டணம் பெறுவது, வீட்டு வாயிலிலேயே நீரைச் சோதித்துக் காட்டுவது, கசிவையும் குறையையும் அலுவலகத்துக்கு அறிவிப்பது யாவும் அவர்கள் கையில். வசூலில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊக்கத்தொகையாகக் கிடைக்கிறது. குழாயடியில் நின்று குடம் சுமந்தவர்களுக்கே குழாயின் அருமை தெரியும். அவர்களிடம் அதன் கணக்கை ஒப்படைத்தது நல்ல அறிவு. நம் பங்குகளில் இயங்கும் மாதர் குழுக்களும் சுயஉதவிக் குழுக்களும் தத்தம் நகராட்சியிடம் இத்தகைய பொறுப்பைக் கேட்டுப் பெற முயன்று பார்க்கலாமே!

மீட்டர் என்றதும் நம்மிடையே எழும் அச்சம் நாம் அறியாததன்று. நம் நகரங்கள் பலவற்றில் மாதத்துக்கு இவ்வளவு என ஒரே கட்டணம் வாங்குகிறார்கள். பத்துக் குடம் பிடிப்பவரும் தோட்டத்துக்குப் பாய்ச்சுபவரும் ஒன்றே கட்டுகின்றனர். இதில் நட்டப்படுபவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அடிப்படைத் தேவைக்குரிய அளவை மலிவாகக் கொடுத்து, அதற்கு மேற்பட்டதற்குக் கட்டணத்தை ஏற்றும் முறையில் ஏழைக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சேவை சீராகுமுன் மீட்டரை மட்டும் கொண்டு வந்து மாட்டினால் மக்கள் எதிர்ப்பது இயல்பே. முதலில் நீர், பிறகு மீட்டர், அதன்பின் கட்டணம் என்ற வரிசையை ஆட்சியாளரிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டும். நகராட்சி உறுப்பினரைச் சந்திக்கும்போது, "நம் ஊரில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் புறப்படுகிறது, எவ்வளவுக்குப் பற்றுச்சீட்டு போகிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டாலே போதும், விடை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பல உண்மைகள் வெளிப்படும்.

தெருவோடு நில்லாமல் இல்லத்துக்குள்ளும் நுழைவோம். வினாடிக்கு ஒரு சொட்டு வீழும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லிட்டரை வீணாக்குகிறது; மாதத்துக்கு 600 லிட்டர். ஒரு வாசர் வாங்க மனமின்றி மாதக்கணக்கில் வாளி வைத்துப் பிடிக்கும் வீடுகள் உண்டு. மாடித் தொட்டி நிரம்பி வழிந்து தெருவுக்குப் பாயும்வரை மோட்டாரை நிறுத்தாத வீடுகளும் உண்டு. மிதவை வால்வு ஒன்று போட்டால் அத்தொல்லை ஒழியும். தரைத்தொட்டியில் கசிவு உள்ளதா என அறிய, இரவு படுக்குமுன் நீர்மட்டத்துக்கு நேராகச் சுவரில் கோடு ஒன்று கிழித்து, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, விடியற்காலையில் பார்க்கலாம். மீட்டர் உள்ள வீடாயின், இரவு எண்ணும் காலை எண்ணும் ஒன்றாயிருக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டியின் கசிவு ஓசையின்றி நிகழ்வது. அதனுள் சொட்டு நீலம் நான்கு துளி விட்டு, அரைமணி நேரம் நீரை இழுத்துவிடாமல் காத்திருந்து பாருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வால்வு பழுது. மறுநாளே மாற்றிவிடுங்கள்.